காலியாக விட்ட எட்டுத் தட்டு

கஸ்பார் ஸ்டுடியோ கட்டியதற்குக் கலை ஆர்வம்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னார். உண்மையான காரணம் ரோஷம். ரோஷத்துக்கு அடியில் இன்னொரு காரணம் இருந்தது. அதை அவர் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

ராயபுரத்துப் பங்குக் கோயிலில், இடது பக்கம் மூன்றாவது தூணுக்குப் பின்னால், இருபத்திரண்டு வருஷம் சவுண்டு மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். வாரத்தில் ஆறு நாள் துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியன். ஏழாம் நாள் ஆண்டவர் ஓய்வெடுத்தார், கஸ்பார் சவுண்டு பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்பதைத் தெருவே நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. அவர் ரிடையர் ஆன அதே வருஷம் கோயிலுக்குப் புதிய டிஜிட்டல் மிக்சர் வந்தது. ஒரு டேப்லெட்டை மேலே தடவினால் சத்தம் ஏறும், கீழே தடவினால் இறங்கும். "இனிமே நம்ம கோயில் சவுண்டு உலகத் தரம்" என்று பாடகர் குழுத் தலைவர் மேத்யூ மைக் பிடித்து அறிவித்தார். உலகத் தரம் அன்றைக்கே காணிக்கைப் பாட்டில் விசில் அடித்தது. கஸ்பாருக்குப் பொன்னாடை போர்த்தி, கைதட்டி, வீட்டுக்கு அனுப்பினார்கள். பழைய மிக்சரையும் அவரோடு அனுப்பினார்கள். அதற்குப் பொன்னாடை இல்லை.

அந்த இருபத்திரண்டு வருஷமும் நாலாவது மைக்கில் நின்று பாடியவர் ஹில்டா. ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தவர். புருஷன் இறந்து பதினைந்து வருஷம். கஸ்பார் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "மைக் நாலு, கொஞ்சம் தள்ளி நில்லு." "மைக் நாலு, ஓகே." இருவருக்கும் நடுவில் நடந்த மொத்தப் பேச்சும் இவ்வளவுதான். ஹில்டா பதிலுக்கு அவரை அண்ணே என்பார். விஷயம் அதற்கு மேல் நகராததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஹில்டா ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தார். ஈஸ்டர் விடியலில் ஆண்டவரின் கல்லறைக்குப் போகும் பெண்கள், வாசலை அடைத்திருக்கும் கல்லை யார் நகர்த்துவது என்று கவலைப்பட்டுக்கொண்டே போவார்கள் அல்லவா, அதைப் பற்றி. "கல்ல யாரு பொரட்டறது, காலங்காத்தால" என்று ஆரம்பிக்கும். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற பொம்பளைகள் பேசிக்கொண்டே நடக்கிற நடைதான் அதன் தாளம். நாலு சரணம். ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் தாளத்தில் எட்டுத் தட்டுக்கு ஓர் அல்லேலூயா. மேத்யூ கேட்டுவிட்டு, "வழிபாட்டுக்கு உண்டான மாண்பு இல்லம்மா" என்றார். கல்லறைக்குப் போன மரிய மதலேனாள் செந்தமிழில்தான் பேசினாள் என்பதற்கு அவரிடம் ஏதோ ஆதாரம் இருந்திருக்க வேண்டும். பாட்டு அதோடு நோட்டுக்குள் போய்விட்டது. ஒரே ஒரு தடவை, மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது, மைக் டெஸ்ட் என்ற சாக்கில் ஹில்டா அதை முழுசாகப் பாடினார். காலிக் கோயிலில் கேட்ட ஒரே ஆள் கஸ்பார். ரெக்கார்டு பட்டனை அமுக்கவில்லை. கை ஓடவில்லை என்று பிற்பாடு தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

போன கிறிஸ்துமஸுக்கு ஹில்டாவின் மகன் வில்சன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தான். அம்மாவை பெர்த்துக்குக் கூட்டிப்போக எல்லாம் முடிந்துவிட்டது. ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய் விமானம். கட்டிலையும் பீரோவையும் யாருக்கு என்று பேர் எழுதி ஒட்டியாகிவிட்டது. திரும்பி வருகிற யோசனை இல்லை என்பது அந்தச் சீட்டுகளிலேயே தெரிந்தது. சேதி கேட்ட அன்று சாயங்காலம் கஸ்பார் தன் வீட்டுப் பின்னறையின் நீள அகலத்தை அளந்தார். ஹில்டா விமானம் ஏறுவதற்குள் அந்தப் பாட்டு பதிவாக வேண்டும். இப்படிச் சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும் என்பதால், வடசென்னைக்கு ஒரு தரமான ஒலிப்பதிவுக் கூடம் தேவை என்று சொல்ல ஆரம்பித்தார்.

தரம் என்று வந்தபிறகு சும்மா விடுவார்களா? வாட்சாப்பில் 'ஒலி உபாசகர்கள்' என்ற குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. அதில் இருந்தவர்கள் பாதிப் பேர் ஒரு பாட்டையும் பதிவு செய்ததில்லை. மீதிப் பேர் பாட்டே கேட்பதில்லை, கேபிளை மட்டும் கேட்பவர்கள். ஸ்பூல் டேப்பில் பதிந்தால் குரலுக்கு ஒரு வெதுவெதுப்பு வரும் என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள். தை மாசத்திலேயே மின்விசிறிக்குக் கீழே வேர்த்துக்கொண்டு படித்த கஸ்பாருக்கு, நம்மிடம் இல்லாதது வெதுவெதுப்புதான் என்று தோன்றிவிட்டது.

புளியந்தோப்பில் பழைய சாமான் வாங்கி விற்கும் ரஷீது பாயிடம் ஒரு ஸ்பூல் டேப் மெஷின் இருந்தது. மூடிப்போன ஏதோ ஸ்டுடியோவிலிருந்து வந்தது. ரெண்டு ஆள் தூக்க வேண்டும்.

"இன்னா நைனா, கம்ப்யூட்டருல நேரா பதிஞ்சா ஆவாதா? தப்பா பூட்டா அழிச்சிக்கலாம்."

"இதுல டெப்த் கீது பாய்."

"டெப்த்து கடல்ல கீது. இதுல பூஞ்ச கீது. தொடச்சிக் குடுக்கறேன், எட்த்துகினு போ." கட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "அது சரி, யாரு பாடறாங்கோ?"

"வருவாங்க பாய். ஸ்டுடியோன்னு ஒண்ணு இருந்தா வராமலா பூடுவாங்க."

"அத்தச் சொல்லல. ஒருத்தரு வர்றாங்களே, அவங்க யாருன்னு கேட்டேன்."

கஸ்பார் கயிற்றைச் சரிபார்ப்பதில் மும்முரமாகிவிட்டார்.

அடுத்து ஒரு கண்டென்சர் மைக் வந்தது. எறும்பு தும்மினாலும் பிடிக்கும் ரகம். மைக்கின் மெல்லிய சிக்னலைத் தூக்கிவிட, வால்வு போட்ட ஒரு ப்ரீஆம்ப். அதிலிருந்து கோயில் தள்ளிவிட்ட பழைய மிக்சர், அங்கிருந்து டேப் மெஷின், பிறகு இன்டர்ஃபேஸ் என்கிற சின்னப் பெட்டி, கடைசியில் கம்ப்யூட்டர். ஹில்டாவின் வாயிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக ஓரடி தூரம்தான். சத்தம் அதை வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற மாதிரி ஊர் ஊராகத் தங்கிப் போய்ச் சேர்ந்தது. துறைமுகத்துப் பழக்கத்தில் கஸ்பார் ஒவ்வொரு கேபிளின் ரெண்டு முனையிலும் நம்பர் வளையம் மாட்டினார். நாற்பத்தாறு முனைகள். ஒரே ஒரு பாடகிக்கு.

எல்லாவற்றையும் மாட்டி ஸ்விட்ச் போட்டதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். கரண்டின் முனகல், எர்த் சரியில்லை. புழக்கடையில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, செம்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் கொட்டினார். பக்கத்து வீட்டு மங்கம்மா மதில் மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரண்ணே பொதைக்கிற? ஒண்டிக்கட்டையாச்சே நீ, பொதைக்கவாவது ஒரு ஆளு கெட்ச்சுதா?"

"எர்த்து போடறேன்."

"இந்த மண்ணுக்கு உப்பு வேற வாங்கிக் கொட்டறியா? பேஜாரு புடிச்ச மனுஷன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. குழியில் பாதிக்கு மேல் கடல் தண்ணியே வந்து நின்றிருந்தது. ஆனால் முனகல் நின்றது.

கடைசியாக அறையை அடைத்தார். சுவருக்கு உள்ளே இன்னொரு சுவர், நடுவில் பஞ்சுப் பலகை, ரெட்டைக் கதவு, கதவைச் சுற்றி ரப்பர். வேலை முடிந்த மத்தியானம், உள்ளே போய் முதல் தடவையாகக் கதவைச் சாத்தினார். கன்டெய்னர் லாரி இல்லை. கூட்ஸ் வண்டி இல்லை. கப்பல் சங்கு இல்லை. அறுபத்தொரு வருஷமாக ராத்திரி பகல் காதில் இருந்த ராயபுரம் யாரோ பிளக்கைப் பிடுங்கின மாதிரி போய்விட்டது. அந்த இடத்தில் அவருடைய வயிறு கேட்டது. முட்டி கேட்டது. மூச்சு, கிழவன் மூச்சு, இவ்வளவு சத்தமாகவா விடுகிறோம் என்று நினைத்தார். ஒரு நிமிஷம் முடிவதற்குள் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். உபாசகர்கள் குழுவில் மட்டும், 'பூரண நிசப்தம், அற்புதம்' என்று எழுதினார். முப்பத்திரண்டு பேர் கைகூப்பினார்கள்.

அந்தப் பாட்டைப் பதியலாம் என்று கஸ்பார் சொல்லியனுப்ப, ஹில்டா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார். செருப்பை வெளியே விட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னாண்ணே, ஆபரேஷன் தியேட்டராட்டம் கீது? மயக்க ஊசி போடுவியா?" என்றார்.

"மைக்குக்கும் உனக்கும் ஒரு ஜாண். மேல போவாத."

"இருபத்திரண்டு வருசமா அதத்தான சொல்ற."

கஸ்பார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டேப்பை ஓடவிட்டார். ஹில்டா ஆரம்பித்தார். "கல்ல யாரு பொரட்டறது, காலங்காத்தால..." மீட்டர் முள் அழகாக ஏறி இறங்கியது. கஸ்பார் முள்ளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். முதல் சரணம் முடிந்தது. அல்லேலூயா வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. ஹில்டா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இன்னா ஆச்சு?"

"அண்ணே, இன்னிக்கு இன்னா கெழம?"

"ஞாயித்துக்கெழம."

"எந்த ஞாயிறு?"

கஸ்பாருக்கு அப்போதுதான் உறைத்தது. தவக்காலத்தின் நாலாம் ஞாயிறு. சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் அல்லேலூயாவை வாயில் எடுக்கக் கூடாது. கோயிலில் முதல் நன்மை வாங்குகிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இருபத்திரண்டு தவக்காலம் மிக்சரில் உட்கார்ந்த மனுஷன், எர்த்துக்குக் குழி தோண்டுகிற மும்முரத்தில் காலண்டரைப் பார்க்கவில்லை. ஈஸ்டர் பாட்டை ஈஸ்டருக்கு முன்னால் பதிய வேண்டுமானால் தவக்காலத்தில்தானே பதிய முடியும் என்ற சிக்கலும் அப்போதுதான் அவர் மூளைக்கு எட்டியது.

"கோயில்லதான பாடக் கூடாது?" என்றார். "இது ஸ்டுடியோ."

"கறி துன்னுட்டு, கோயில்ல துன்னல, வூட்லதான் துன்னேன்னு சொல்லுவ போலகீது."

"ரெக்கார்டிங் தான. ஈஸ்டருக்கு அப்பாலதான் கேக்கப் போறோம்."

"பாடறது இன்னிக்குத்தான? கேக்கறவனுக்கா தவக்காலம்? எனக்குத்தான்."

மூன்று மாசமாக மனுஷன் கட்டிய எதிலும் அதற்கு ஒரு பட்டன் இல்லை. ஹில்டாவே வழி சொன்னார்: நாலு சரணத்தையும் இன்றைக்குப் பாடிவிடுவது, அல்லேலூயாவுக்கு எட்டு எட்டுத் தட்டு காலியாக விடுவது. "ஈஸ்டர் அன்னிக்கு நாலு மணிக்கு வரேன். அந்த எடத்துல போட்டுக் குட்த்துட்டுப் பூடறேன். செவ்வாக்கெழமதான ஃபிளைட்டு."

மறுபடி டேப் ஓடியது. இந்தத் தடவை நிற்கவில்லை. ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் ஹில்டா கண்ணை மூடி, தொடையில் விரலால் தட்டி, மனசுக்குள் எண்ணிவிட்டு அடுத்ததை எடுத்தார். கஸ்பார் மிக்சருக்கு இந்தப் பக்கம் கூடவே எண்ணினார். இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்: எட்டு வரைக்கும் எண்ணியது.

பிறகு பாஸ்கா இரவு வந்தது, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி. இருட்டில் ஆயிரத்து இருநூறு பேர் மெழுகுவர்த்தியோடு நிற்க, நிறுத்தி வைத்த மணிகள் திரும்ப அடிக்க, நாற்பது நாளாகக் கட்டி வைத்த அல்லேலூயா வெளியே வருகிற நேரம். ஹில்டா நாலாவது மைக்கில் வாயைத் திறந்தார். உலகத் தரம் செத்துவிட்டது. ஒரு ஸ்பீக்கரிலும் மூச்சில்லை. மேத்யூ டேப்லெட்டைத் தடவினார், தட்டினார், கடைசியில் கும்பிடுகிற மாதிரி ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கஸ்பார் ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது தூணின் பிளக் பாயிண்ட் தளர்ந்தது. கூட்டம் நெருக்கினால் பிளக் நழுவும். இருபத்திரண்டு வருஷம் அதைக் காலால் அழுத்திக்கொண்டுதான் அவர் பூசை பார்த்தார். எழுந்து பத்து எட்டு வைத்தால் போதும். அவர் கையைக் கட்டிக்கொண்டார். பொன்னாடை போர்த்தினீர்களே, அனுபவியுங்கள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் ஒரு ஈஸ்டரிலும் இருந்ததில்லை.

ஹில்டா காத்திருந்து பார்த்துவிட்டு, மைக்கை ஒதுக்கி வைத்தார். நெஞ்சைத் திறந்து, கடைசி வரிசைக்கும் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, வெறும் தொண்டையில் பாடினார். திருப்பாடல், அல்லேலூயா, அதற்கப்புறம் பூசை முடிகிற வரைக்கும் எல்லாப் பாட்டும்.

ஞாயிறு நாலு மணிக்குச் சொன்னபடி வந்தார். கழுத்தில் மஃப்ளர். கஸ்பார் டேப்பைச் சரியான இடத்தில் நிறுத்தி, மைக்கை ஒரு ஜாணில் வைத்து, தயாராக இருந்தார்.

ஹில்டா வாயைத் திறந்தார். காத்து மட்டும் வந்தது. இன்னொரு தடவை முயற்சி செய்தார். தகரத்தை இழுத்த மாதிரி ஏதோ வந்தது. சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, சிரிப்பிலும் சத்தமில்லை.

"வெந்நீர் வைக்கட்டா?"

"காலைலருந்து அதான் குடிக்கிறேன்." கிசுகிசுப்பாகத்தான் பேச முடிந்தது. அந்த அறையில் கிசுகிசுப்பு நன்றாகக் கேட்டது. "இன்னாண்ணே இந்த ரூமு, ஒண்ணுமே கேக்கல. பயமா கீது. எப்பிடி ஒண்டியா ஒக்காந்துகினு கீற?"

"நாளைக்கு வந்து பாடு. திங்கக்கெழமைக்குள்ள சரியாயிடும்."

"நாளைக்கு வில்சன் மாமியார் வூட்ல விருந்து. பொட்டி வேற கட்டல." மைக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நேத்து அத்தினி பேரும் மேத்யூவப் பாத்தாங்கோ. நான் ஒன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன். நீ எழுந்து வருவேன்னு."

கஸ்பார் மைக்கைத் திருகிக் கழற்றினார். அந்த அறையில் திருகும் சத்தம் பெரிசாகக் கேட்டது.

"சரி வுடு," என்றார் ஹில்டா. செருப்பை மாட்டிக்கொண்டே, "ரூமு நல்லா கட்டிக்கீறண்ணே," என்றார்.

செவ்வாய்க்கிழமை அவர் போனார். கஸ்பார் விமான நிலையத்துக்குப் போகவில்லை. மீனம்பாக்கம் ரொம்பத் தூரம் என்று மங்கம்மாவிடம் சொன்னார்.

ரெண்டு வாரம் பாட்டைச் சரிசெய்தார். சரிசெய்ய ஒன்றுமில்லை. சும்மா முள்ளை நகர்த்தி, மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். உபாசகர்கள் குழுவில் விஷயத்தைச் சொன்னதும், இப்போதெல்லாம் ரெண்டு வரி குரலைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே அதே குரலில் அல்லேலூயா பாடும் என்று ஒருவர் எழுதினார். வெதுவெதுப்புக்காக நாலு பக்கம் எழுதிய அதே ஆள். கஸ்பார் குழுவை விட்டு வெளியேறினார். பாட்டை இருந்தபடியே ஹில்டாவுக்கு அனுப்பினார்.

பதில் மூன்றாம் நாள் வந்தது. 'நல்லா கீதுண்ணே. பாத்திரம் வெளக்கிகினு கேட்டேன். அந்த எடம் வர்றப்பல்லாம் நானே பாடிக்கினேன். தொண்ட சரியாயிடுச்சி.'

கஸ்பார் உடனே எழுதினார்: 'அதப் போன்ல பாடி அனுப்பு. போதும்.' நாலு மாசத்துக்கு முன்னால் அவரிடம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பார்.

படித்துவிட்டதற்கு நீலக் கோடு வந்தது. மறுநாள் பதில் வந்தது: 'பேரன் தூங்கறான். அப்பறமா.'

அதற்கப்புறம், ஈஸ்டருக்கு ஐம்பதாம் நாள் வருகிற பெந்தெகொஸ்தேயும் வந்து போனது.

மழைக்கு முந்தின ஒரு நாள் ரஷீது பாய், டேப் மெஷின் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்தார். அவர் விற்ற சாமானை அவரே போய்ப் பார்ப்பது அபூர்வம். மெஷினைப் பார்க்கத்தான் வந்தாரா என்று கஸ்பாருக்குச் சந்தேகமாக இருந்தது. உள்ளே உட்காரவைத்து, கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிவிட்டு, பாட்டைப் போட்டார். தான் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

முதல் சரணம் முடிந்தது. காலி வந்தது. ரஷீது பாய் நிமிர்ந்தார்.

"இன்னா, நடுவுல கரண்ட்டு பூட்ச்சா?"

"இல்ல பாய். அங்க அவங்க பாடறாங்க."

"எங்க?"

"பெர்த்துல."

ரஷீது பாய் அவரைப் பார்த்தார். கேலியாக ஏதோ சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் ரெண்டாவது சரணம் ஆரம்பித்துவிட்டது. முடிந்ததும் மறுபடி காலி: ஒரு மூச்சு, புடவையில் விரல் தட்டும் சத்தம், அவ்வளவுதான். மூன்றாவது. நாலாவது. டேப் முடிந்து வெறுமனே சுற்றியது. கஸ்பார் கையை நீட்டி நிறுத்தினார்.

ரஷீது பாய் எழுந்திருக்கவில்லை. ஹெட்போனையும் கழற்றவில்லை.

"சரி," என்றார், "இன்னொரு தபா போடு."